சோப்பு உறையின் பின்பக்கம்: செய்பவர்களும் வாங்குபவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஈரோடு பக்கம் சின்னதாக ஒரு சோப்புக்கூடம் நடத்துகிறேன். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். எண்ணெய் சூடாகிற வரைக்கும் எல்லாரும் சோப்பைப் பற்றித்தான் கேட்பார்கள். அச்சில் ஊற்றி மூடி வைத்ததும் பேச்சு லேபிளுக்குப் போய்விடும். கண்காட்சியில் கடை போட்டால் வாங்க வருகிறவர்களும் உறையைத் திருப்பிப் பார்த்து அதையேதான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வேறு நாடு என்று சொல்லாத இடமெல்லாம் இந்தியச் சட்டம்தான்.

குளிக்கிற சோப்புதானே அக்கா, அது எப்படி காஸ்மெட்டிக் ஆகும்?

ஆகும். மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருட்கள் சட்டம் 1940ல் வந்தது. உடம்பைச் சுத்தம் செய்யவோ அழகுபடுத்தவோ தேய்க்கிற, ஊற்றுகிற, தூவுகிற, தெளிக்கிற எதுவும் அதன்படி அழகு சாதனப் பொருள். அந்த விளக்கத்தில் ஒரு காலத்தில் 'சோப்பு இதில் சேராது' என்றும் இருந்தது. 1982ல் சட்டத்தைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து குளியல் சோப்பும் முகக் கிரீமும் ஒரே சட்டத்தின் கீழ்தான்.

விற்பனைக்கு வைக்கிற நலங்கு மாவு, சீயக்காய்த் தூள், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். துணி சோப்பும் பாத்திர சோப்பும் உடம்பில் தேய்க்கிற பொருள் இல்லை என்பதால் இந்தச் சட்டத்துக்குள் வராது. ஆனால் எடை, விலை பற்றிய விதிகள் அவற்றுக்கும் உண்டு.

வீட்டு சமையல்கட்டுலதான் செய்யறேன், மாசம் அம்பது சோப்புகூட போகாது. எனக்குமா லைசன்ஸ்?

விற்கிறீர்கள் என்றால் ஆமாம். இத்தனை சோப்பு வரை உரிமம் வேண்டாம் என்று சட்டத்தில் விலக்கு எதுவும் இல்லை. அழகு சாதனப் பொருட்கள் விதிகள் 2020ன்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் விண்ணப்பித்து, சிஓஎஸ் 8 என்ற படிவத்தில் உரிமம் வாங்க வேண்டும். இடம், கருவிகள், பரிசோதனை வசதி, தயாரிப்பை மேற்பார்வையிடத் தகுதியான ஆள் எல்லாவற்றையும் பார்த்துத்தான் தருவார்கள். வீட்டு அடுப்பங்கரைக்கு அது கிடைப்பது சிரமம்.

வகுப்பில் இந்த இடத்தில் எல்லார் முகமும் வாடிப்போகும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டு வழி சொல்கிறேன். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பொது இடம் எடுத்து ஒரே உரிமத்தில் செய்யலாம். அல்லது உரிமம் உள்ள ஒருவரின் கூடத்தில் உங்கள் கலவையைச் செய்துகொள்ள 'லோன் லைசன்ஸ்' வாங்கலாம். அதற்கு சிஓஎஸ் 9. சொந்தக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிற சோப்புக்கு இந்தக் கவலை வேண்டாம்.

சரி, லேபிள்ல என்னென்ன இருக்கணும்? மொத்தமா ஒரே மூச்சுல சொல்லுங்க.

ஒரே மூச்சில் சொல்ல முடியாததற்குக் காரணம், உறை ஒன்று, சட்டம் இரண்டு. முதலாவது மேலே சொன்ன 2020 விதிகள். பொருளின் பெயர், தயாரிப்பாளரின் பெயர், தயாரிக்கும் இடத்தின் முழு முகவரி, உரிம எண், தயாரித்த மாதமும் வருடமும், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, சேர்மானப் பட்டியல், ஆபத்தான பொருள் ஏதாவது இருந்தால் எச்சரிக்கை ஆகியவற்றை இது கேட்கிறது. அட்டைப்பெட்டிக்குள் தாள் சுற்றி வைத்தால், பெயரும் முகவரியும் இரண்டிலும் வேண்டும்.

இரண்டாவது சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகள் 2011. நிகர எடை, எல்லா வரியும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்ல முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றை இது கேட்கிறது. ஒரு கிராம் என்ன விலை என்பதையும் இப்போது தனியாகப் போட வேண்டும். 100 கிராம் சோப்பு 80 ரூபாய் என்றால், கிராமுக்கு 80 காசு என்று அச்சடிக்க வேண்டும். பொட்டலம் போட ஆரம்பித்த 90 நாளுக்குள் பொட்டலமிடுபவராகப் பதிவும் செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. பலர் மருந்துத் துறையோடு வேலை முடிந்தது என்று நினைத்து, தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வந்து நிற்கும்போது திகைக்கிறார்கள்.

நம்ம ஊர்லதானே விக்கறோம், தமிழ்ல மட்டும் போட்டா போதாதா மேடம்?

போதாது. எடையளவு விதிகளின்படி கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும். கூடவே எந்த மொழியிலும் போட்டுக்கொள்ள அனுமதி உண்டு. அந்த அனுமதியைத் தயவுசெய்து பயன்படுத்துங்கள். முன்பக்கம் பெரிதாகத் தமிழ்ப் பெயர், பின்பக்கம் ஒரு வார்த்தை தமிழ் இல்லை என்று எத்தனையோ உறைகளைப் பார்க்கிறேன். வாங்குகிற அம்மாவுக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் என்ன சேர்த்திருக்கிறோம் என்று சொல்ல நமக்குச் செலவாவது நாலு வரி மைதான்.

சேர்மானப் பட்டியலை எந்த வரிசையில எழுதணும்? முக்கியமானதை முதல்ல போடலாமா?

எடை அதிகமானது முதலில். நீங்கள் எதை முக்கியம் என்று நினைக்கிறீர்கள் என்பதற்கு அங்கே இடமில்லை. ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றைச் சேர்க்கும்போது இருந்த எடைப்படி இறங்குவரிசையில் எழுத வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை அதன் பிறகு எந்த வரிசையிலும் எழுதலாம்.

வகுப்பில் நான் போடும் கணக்கு இது. குப்பைமேனி சோப்பு செய்கிறோம். தேங்காய் எண்ணெய் 600 கிராம், நல்லெண்ணெய் 300, விளக்கெண்ணெய் 100. ஐந்து சதவீத எண்ணெய் மிஞ்சும்படி கணக்கிட்டால் காஸ்டிக் சோடா சுமார் 155. தண்ணீர் 280. வெட்டிவேர் எண்ணெய் 20, குப்பைமேனித் தூள் 10. மொத்தம் 1465 கிராம், அதில் ஒரு சதவீதம் 14.65. ஆக பட்டியல் இப்படி வரும்: தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், தண்ணீர், சோடியம் ஹைட்ராக்சைடு, விளக்கெண்ணெய், வெட்டிவேர் எண்ணெய், குப்பைமேனி.

முன்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கும் குப்பைமேனி, பின்பக்கம் கடைசியில் நிற்கிறது. முக்கால் சதவீதம்கூட இல்லை. கரும்பலகையில் இதை எழுதியதும் வகுப்பு அமைதியாகிவிடும். யாராவது ஒருவர் 'அப்போ இத குப்பைமேனி சோப்புன்னு சொல்றது நியாயமா?' என்று கேட்பார். அந்தக் கேள்வி வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்த உதாரணத்தையே வைத்திருக்கிறேன். பட்டியலைச் சரியாக எழுதினால் வாங்குகிறவரே அளவைப் புரிந்துகொள்வார். மூலிகையை மேலே தூக்கி எழுதினால் அது பொய் லேபிள்.

மூலிகை பேரெல்லாம் நம்ம பேச்சுல எழுதலாமா, லத்தீன் பேர்தான் எழுதணுமா?

உலகம் முழுக்க அழகு சாதனத் தொழிலில் ஐஎன்சிஐ என்ற ஒரே பெயர்முறையைப் பயன்படுத்துகிறார்கள். அதில் குப்பைமேனி 'அகலிஃபா இண்டிகா', தேங்காய் எண்ணெய் 'கோகஸ் நியூசிஃபெரா ஆயில்', தண்ணீர் 'அக்வா', ஆட்டுப்பால் 'கேப்ரே லாக்'. ஊருக்கு ஊர் மூலிகைப் பெயர் மாறுவதால் இந்தப் பெயர் தேவைப்படுகிறது. நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறேன். தோல் மருத்துவரிடம் உறையைக் காட்டினால் அவருக்கும் புரியும், வாங்கியவருக்கும் புரியும்.

காஸ்டிக் சோடான்னு எழுதினா சனம் பயந்துடும். விட்டுடலாமா?

விடக் கூடாது. காஸ்டிக் சோடா இல்லாமல் கட்டி சோப்பு கிடையாது. எண்ணெயும் காரமும் சேர்ந்து மாறுவதுதான் சோப்பு. சரியாகக் கணக்கிட்டு நன்றாக ஆற வைத்த கட்டியில் காரம் தனியாக மிஞ்சி இருக்காது. விதி, சேர்க்கும்போது இருந்த அளவைப் பற்றிப் பேசுகிறது என்று மேலே பார்த்தோம். நீங்கள் சேர்த்தீர்கள், எழுதுங்கள்.

பெரிய நிறுவனங்களின் உறையில் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற பெயரைவிட 'சோடியம் பாமேட்', 'சோடியம் கோகோயேட்' என்ற பெயர்கள்தான் அதிகம் கண்ணில் படும். எண்ணெய் காரத்தோடு சேர்ந்து ஆன பொருளின் பெயர் அது. 'எங்கள் சோப்பில் காஸ்டிக் சோடா கிடையாது' என்று விற்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பயத்தைத் தீர்க்க வேண்டிய நாமே பயத்தை விற்கிறோம். எங்கள் உறையில் பட்டியலுக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'சோடியம் ஹைட்ராக்சைடு எண்ணெயைச் சோப்பாக மாற்றிவிடுகிறது.' அதற்குப் பிறகு அந்தக் கேள்வி பாதியாகக் குறைந்துவிட்டது.

நான் ரெடிமேடு சோப் பேஸ் வாங்கி உருக்கி ஊத்தறேன். 'சோப் பேஸ், கற்றாழை, வாசனை'ன்னு மூணு வார்த்தை போட்டா சரியா?

சரியில்லை. பேஸ் என்பது ஒரு பொருள் கிடையாது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு பொருள் இருக்கும். விற்றவரிடம் சேர்மானத் தாள் கேளுங்கள். கிளிசரின், ப்ராபிலீன் கிளைகால், சோடியம் ஸ்டியரேட், சோடியம் லாரெத் சல்பேட் என்று அதில் என்ன இருக்கிறதோ எல்லாம் உங்கள் பட்டியலில் வர வேண்டும். தாள் தர மறுக்கிற கடையில் பேஸ் வாங்காதீர்கள். உருக்கி ஊற்றி விற்பதும் தயாரிப்புதான் என்பதால் உரிமம் பற்றிச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

சோப்புல மாட்டுக் கொழுப்பு இருக்குன்னு சொல்றாங்களே, உறையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். 'சோடியம் டாலோவேட்' என்று இருந்தால் அது விலங்குக் கொழுப்பு. பாமேட் என்றால் பனை எண்ணெய், பாம் கெர்னலேட் என்றால் பனைக் கொட்டை எண்ணெய், கோகோயேட் என்றால் தேங்காய் எண்ணெய். நம் ஊர்ப் பனைமரம் இல்லை, செம்பனை. ஸ்டியரிக் அமிலமும் கிளிசரினும்தான் சிக்கல். இரண்டும் தாவரத்திலிருந்தும் வரும், விலங்கிலிருந்தும் வரும். பெயரை வைத்துப் பிரிக்க முடியாது. நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

உணவுப் பொட்டலத்தில் போடுவதுபோல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கும் சைவம் என்றால் பச்சைப் புள்ளி, அசைவம் என்றால் சிவப்பு அல்லது பழுப்புப் புள்ளி என்று 2014ல் எடையளவு விதிகளில் சேர்த்தார்கள். அது நீதிமன்றம் வரை போன விஷயம். கடையில் இருக்கும் எல்லா உறையிலும் புள்ளி இருப்பதில்லை. புள்ளியைத் தேடுவதோடு நிற்காமல் பட்டியலையும் படியுங்கள்.

டிஎஃப்எம் 76ன்னு போட்டிருக்கே, அது அதிகமா இருந்தா நல்ல சோப்பா?

டிஎஃப்எம் என்பது சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. இந்திய தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 2888 தரத்தில் குறைந்தது 76 சதவீதம் இருந்தால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். அதற்கும் கீழே போய், குறைந்தது 40 சதவீதம் இருப்பது 'பேதிங் பார்'. அதற்குத் தனித் தரம், ஐஎஸ் 13498. கடையில் சோப்பு என்று கேட்டு வாங்குகிற பலதும் உறையைத் திருப்பினால் பேதிங் பார் என்றுதான் எழுதியிருக்கும். இதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை.

கொழுப்பு அதிகம் என்றால் நிரப்புப் பொருள் குறைவு, கட்டி சீக்கிரம் கரைந்து சேறாகாது என்று பொதுவாகச் சொல்லலாம். உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை அந்த எண் சொல்லாது. வாசனைப் பொருளோ நிறமோ ஒத்துக்கொள்ளாவிட்டால் 80 இருந்தாலும் அரிக்கத்தான் செய்யும்.

சாப்பிடற கலர்தானே, சோப்புல போட்டா என்ன?

உணவுக்கு அனுமதித்த நிறம் என்பதால் அழகு சாதனத்துக்கும் தானாக அனுமதி வந்துவிடாது. ஐஎஸ் 4707ன் முதல் பகுதியில் அழகு சாதனத்துக்கு அனுமதித்த நிறங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் உங்கள் நிறம் உண்டா என்று பார்த்துவிட்டு, அதன் சிஐ எண்ணை, அதாவது அந்த நிறத்துக்கான அடையாள எண்ணை, உறையில் போடுங்கள். டைட்டானியம் டையாக்சைடு என்றால் சிஐ 77891. மெழுகுவர்த்திக் கலர், கோலப்பொடிக் கலர் எல்லாம் வேண்டவே வேண்டாம். ஈயம், ஆர்சனிக் கலந்த நிறங்களுக்குச் சட்டத்தில் தடையே உண்டு.

கல்யாணத்துக்கு ரிட்டர்ன் கிஃப்ட், 25 கிராம் குட்டி சோப்பு. அதுல இவ்வளவு எழுத எங்க இடம்?

30 கிராமுக்குக் குறைவான திடப்பொருளுக்கும், 60 மில்லிக்குக் குறைவான திரவத்துக்கும் சேர்மானப் பட்டியல் கட்டாயம் இல்லை. மிகச் சின்ன உறை என்றால் முழு முகவரிக்குப் பதில் ஊரும் அஞ்சல் குறியீடும் போதும். ஆனால் எடையளவு விதிகளில் விலக்கு கிடைப்பது 10 கிராம் வரைக்கும்தான். ஆகவே விற்பனைக்குப் போகும் 25 கிராம் சோப்பில் எடையும் விலையும் இருக்க வேண்டும்.

கட்டாயம் இல்லாவிட்டாலும் நான் குட்டி சோப்பிலும் பட்டியல் போடுகிறேன். ஒரு கண்காட்சியில் ஒரு அம்மா எங்கள் சோப்பை எடுத்து, ஆள்காட்டி விரலை ஒவ்வொரு பெயரின் கீழும் வைத்து மெதுவாகப் படித்துக்கொண்டே போனார். பாதாம் எண்ணெய் என்ற இடத்தில் விரல் நின்றது. 'பையனுக்கு பாதாம் ஆகாதும்மா' என்று சொல்லி சோப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். அந்த விற்பனை போனதில் எனக்கு வருத்தமே இல்லை. கிஃப்ட் பையில் போகிற சோப்பு யார் வீட்டுக் குளியலறைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது.

பேட்ச் நம்பர் கட்டாயமா? தேதியை ரப்பர் ஸ்டாம்புல அடிக்கலாமா?

மற்ற அழகு சாதனப் பொருட்களுக்கு பேட்ச் எண் வேண்டும். சோப்புக்கு மட்டும் அதற்குப் பதில் தயாரித்த மாதமும் வருடமும் போதும் என்று விதியே சொல்கிறது. இருந்தாலும் ஒரு எண் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதத்தில் ஆறு முறை சோப்பு ஊற்றுவோம். ஒன்றில் தவறு நடந்தால் எதைத் திரும்பப் பெறுவது என்று அந்த எண்தான் காட்டும்.

ஸ்டாம்பு அடிக்கலாம், ஆனால் அழியக் கூடாது. முதல் முறை மெழுகுத்தாளில் அடித்தபோது மை காயவே இல்லை. கட்டைவிரலால் தடவினேன், மாதத்தின் பெயர் நீலக் கறையாக இழுபட்டுப் போனது. அதற்கு முன்பு சிவகாசியில் 2000 உறை அச்சடித்து வாங்கியபோது, தேதிக்கு இடம் விடவே மறந்து அத்தனையையும் ஒதுக்கி வைக்க வேண்டிவந்தது. தவறு என்னுடையது, வரைபடம் நான் கொடுத்ததுதான். அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு உறையை வெள்ளைத்தாளில் எடுத்து, சோப்பில் சுற்றி, ஸ்டாம்பு அடித்து, ஈரக் கையால் ஒரு முறை பிடித்துப் பாருங்கள்.

110 கிராம்னு போட்டேன், ரெண்டு மாசம் கழிச்சு எடை போட்டா 104 தான் இருக்கு. கேஸ் ஆகுமா?

சோப்பு தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும். இதை அறிந்துதான் எடையளவு விதிகள் சோப்புக்கு 'பொட்டலமிட்டபோது இருந்த எடை' என்று குறிப்பிட இடம் தருகின்றன. அந்தச் சொற்களைப் போட்டிருக்க வேண்டும் என்பது முக்கியம். ஆனால் அச்சிலிருந்து எடுத்த மறுநாளே எடை போட்டு உறையிட்டால் வாங்குகிறவருக்குத் தண்ணீரை விற்கிறோம். நான்கு முதல் ஆறு வாரம் ஆற வைத்த பிறகு எடை போடுங்கள். அதன்பின் குறைவது கொஞ்சம்தான்.

'கெமிக்கல் இல்லாதது', 'சொரியாசிஸ் குணமாகும்'னு எல்லாரும் போடறாங்களே?

எல்லாரும் போடுகிறார்கள் என்பது உண்மை, அது தவறு என்பதும் உண்மை. பொய்யான அல்லது திசைதிருப்பும் வாசகம் உள்ள அழகு சாதனப் பொருள் சட்டப்படி 'மிஸ்பிராண்டட்'. உரிமம் இல்லாமல் தயாரிப்பது, லேபிள் தவறு போன்றவற்றுக்கு ஒரு வருடம் வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். போலி, கலப்படம் என்றால் சிறை மூன்று வருடம் வரை போகும். தண்ணீரும் கெமிக்கல், காஸ்டிக் சோடாவும் கெமிக்கல். பட்டியலில் அதை எழுதிவிட்டு முன்பக்கம் 'கெமிக்கல் இல்லாதது' என்று போட்டால் நம் உறையே நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

நோய் தீரும் என்று சொன்னால் விஷயம் இன்னும் பெரிது. அந்த நிமிடமே அது மருந்து என்ற கணக்கில் போய்விடும். விளம்பரத்தில் சொன்னால் 2019ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் முறைக்கே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அபராதத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. தோல் உரிந்து வேதனைப்படுகிற ஒருவர் நம் சோப்பை நம்பி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவார். 'தோலைச் சுத்தமாக்கும்' என்று சொல்லுங்கள். சோப்பு அதை நிச்சயம் செய்யும்.

அப்போ மூலிகை சோப்புக்கு சித்த மருத்துவ லைசன்ஸ் எடுத்தா என்ன வேணா சொல்லலாமா?

சித்த, ஆயுர்வேத சோப்புக்கு வேறு உரிமம், வேறு துறை. தமிழ்நாட்டில் இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறை. சேர்மானங்களின் பெயரோடு அளவையும் போட வேண்டும், அது சித்த மருந்தா ஆயுர்வேத மருந்தா என்றும் குறிக்க வேண்டும். அந்த உரிமம் இருந்தாலும் குறிப்பிட்ட பல நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ன் மந்திர மருந்துகள் சட்டம் தடுக்கிறது. விளம்பர வாசகத்துக்காக மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மருதாணி, ஹேர் டை பாக்கெட்ல 'கண் பார்வை போகலாம்'னு எழுதியிருக்கே, நிஜமாவா?

நிஜம்தான். பாரா பினைலீன்டையமின் போன்ற சாயம் உள்ள முடிச்சாயத்தில் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அந்த எச்சரிக்கை கட்டாயம். சிலருக்குத் தோல் எரிச்சல் வரலாம், முன்கூட்டியே சோதிக்க வேண்டும், இமைக்கும் புருவத்துக்கும் பூசினால் பார்வை போகலாம் என்பது அதன் சாரம். காதுக்குப் பின்னால் கொஞ்சம் பூசி 24 மணி நேரம் பார்க்கச் சொல்வது வெறும் சடங்கு என்று நினைக்காதீர்கள்.

மருதாணி இலை தருவது ஆரஞ்சும் சிவப்புமான நிறம். தலையைக் கறுப்பாக்கும் 'ஹென்னா' பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் இந்தச் சாயத்தின் பெயர் இருக்கும். லேபிளே இல்லாமல் கோனில் விற்கும் கறுப்பு மருதாணியைக் குழந்தை கையில் போடாதீர்கள்.

பியூட்டி பார்லர்ல பேர் இல்லாத டப்பால கிரீம் தர்றாங்க, முகம் பத்து நாள்ல வெளுக்குது. வாங்கலாமா?

வேண்டாம். இதற்கு மட்டும் நான் 'யோசித்துச் செய்யுங்கள்' என்று சொல்ல மாட்டேன். அத்தனை வேகமாக வெளுக்க வைப்பதற்கு மலிவான வழி பாதரசம். தோல் வழியே உள்ளே போய் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்களை மருத்துவர்கள் விசாரித்தபோது, பலர் இப்படி முகவரி இல்லாத வெளுப்புக் கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. அதன் பிறகு அந்த மாநிலத்தில் கடை கடையாகச் சோதனை நடந்தது.

சட்டப்படி முகக் கிரீமில் தவிர்க்க முடியாமல் கலந்துவிடும் பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உறையில் முகவரி, உரிம எண் வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் பெயரும் பதிவுச் சான்று எண்ணும் வேண்டும். இவை இல்லாத டப்பாவுக்கு யாரும் பொறுப்பு கிடையாது.

இன்ஸ்டாகிராம்லயும் வாட்ஸ்அப்லயும்தான் விக்கறேன். அங்கயும் இதெல்லாம் உண்டா?

உறைக்கு எல்லாம் அப்படியே உண்டு. இணையக் கடையில் வைத்தால் தயாரித்த மாதம் தவிர மற்ற எடையளவு விவரங்களைத் திரையிலும் காட்ட வேண்டும். முன்பக்கப் படம் நான்கு போடுகிறோம். பின்பக்கத்தையும் ஒன்று படம் பிடித்துப் போடுங்கள். நேரில் வாங்குகிறவர் செய்வதுபோல் திருப்பிப் பார்க்க அவர்களுக்கு வேறு வழி இல்லை.

பழைய கவர் நிறைய இருக்கு. விலை மாறிடுச்சு, மேல ஸ்டிக்கர் ஒட்டலாமா?

விலையைக் குறைப்பதற்கு ஒட்டலாம், பழைய விலை மறையக் கூடாது. விலையைக் கூட்டவோ மற்ற விவரத்தை மாற்றவோ ஒட்டக் கூடாது. சேர்மானம் மாறியிருந்தால் பழைய உறையை விட்டுவிடுங்கள். நல்லெண்ணெய்க்குப் பதில் கடலை எண்ணெய் ஊற்றிவிட்டு பழைய உறையில் சுற்றினால், கடலை ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அமெரிக்கால இருக்கற பொண்ணு கேக்கறா, ஜெர்மனில இருந்தும் ஆர்டர் வருது. இதே லேபிள் போதுமா?

போதாது. அமெரிக்காவில் எண்ணெயும் காரமும் சேர்ந்து ஆன உண்மையான சோப்பை 'சோப்பு' என்று மட்டும் சொல்லி விற்றால், அழகு சாதன விதிகளில் வராது. சேர்மானப் பட்டியலும் கட்டாயம் இல்லை. அந்த ஊர்ச் செய்முறை வீடியோக்களைப் பார்த்துவிட்டு 'சோப்புக்கு லேபிள் வேண்டாமாமே' என்று நம் பிள்ளைகள் குழம்புவது இதனால்தான். தோலை ஈரப்பதமாக வைக்கும் என்று சொன்னாலே அங்கேயும் அது அழகு சாதனம் ஆகிவிடும். பரு போகும் என்றால் மருந்து.

ஐரோப்பாவில் கெடுபிடி அதிகம். அங்கே இருக்கும் ஒரு பொறுப்பாளர், பாதுகாப்பு மதிப்பீட்டு அறிக்கை, முன்கூட்டிய பதிவு எல்லாம் தேவை. வாசனை என்று ஒரே சொல்லில் முடிக்கவும் முடியாது. லாவெண்டர் எண்ணெயில் உள்ள லினலூல் போன்ற ஒவ்வாமை தரக்கூடிய பொருட்கள், கழுவிவிடும் சோப்பில் 0.01 சதவீதத்தைத் தாண்டினால் பெயர் சொல்லி எழுத வேண்டும். எனக்கு இந்த விதி பிடிக்கும். இயற்கை எண்ணெயும் அரிக்கும் என்று ஒப்புக்கொள்கிற விதி இது.

வாங்கின சோப்பு மேல சந்தேகம். சாதாரண ஆளு நான், எங்க போய்ச் சொல்றது?

எடை, விலை, முகவரி சம்பந்தமாக என்றால் தொழிலாளர் துறை அலுவலகம். பொருளே சரியில்லை, உரிம எண் இல்லை, தோல் வெந்துவிட்டது என்றால் உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளர். எதற்குப் போவது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று: 1940 சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, ஒரு மருந்தையோ அழகு சாதனப் பொருளையோ வாங்கிய யார் வேண்டுமானாலும் அரசுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் கட்டிக் கொடுத்துப் பரிசோதித்து, அவர் கையெழுத்திட்ட அறிக்கையைக் கேட்டுப் பெறலாம். அதற்கு பில் வேண்டும், மீதி சோப்பு வேண்டும், உறை வேண்டும். புது சோப்பைப் பிரித்ததும் உறையைக் கசக்கிப் போடுவதுதான் எல்லார் வீட்டிலும் வழக்கம். அந்தக் கட்டி தீரும் வரையாவது அதை அலமாரியில் மடித்து வையுங்கள்.